கொம்பன் முன்னால நிக்கேக்க: யானைப் படக் கேள்வியளும் பதிலும்

போன இதழ்ல இந்தப் படப்பிடிப்புப் பக்கத்தில கலாவெவக் குளத்துக் கொம்பன் ஒருத்தன்ர கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாலும் போட்டன், கடிதமும் வட்ஸ்அப்பும் வந்து குவிஞ்சு போச்சு. வழக்கமாக் கலியாண வீட்டு லைற்றைப் பற்றியும் நல்லூர்த் தேரில சனத்துக்குள்ள எப்பிடி நிண்டு எடுக்கிறதெண்டும்தான் கேப்பியள், இந்தமுறை முழுக்க யானை. ஒரே மாதிரிக் கேள்வியளைச் சேத்துப் போட்டிருக்கிறன், கோவிக்காதேங்கோ.

கேள்வி: அண்ணை, என்னட்டை 24 மெகாபிக்சல் குறொப் சென்சர் கமராவும் 70-300 லென்ஸும்தான் இருக்கு. லீவுக்குக் கலாவெவ போய் ஒரு கொம்பனைக் கண்டு 400 படம் எடுத்தன். வீட்டை வந்து பாத்தால் ஒண்டிலயும் கொம்பு கொம்பு மாதிரி இல்லை, ரியூப் லைற் மாதிரி வெள்ளையாக் கிடக்கு. பெரிய கமரா வாங்கினால் சரி வருமோ? (மாணவர், கொக்குவில்)

பதில்: வேண்டாம் தம்பி, காசை வைச்சுக்கொள்ளும். உம்மட கமரா தன்ர வேலையை ஒழுங்காத்தான் செய்திருக்கு. அதுக்கு யானையும் தெரியாது கொம்பும் தெரியாது, முன்னால கிடக்கிற எல்லாத்தையும் சேத்து ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பாக்கும், அவ்வளவுதான். யானை பிரேமை நிரப்பிக்கொண்டு நிண்டால் உள்ளது முழுக்கக் கருந்தோல், அதிலயும் சேத்துக்க பிரண்டுபோட்டு வந்தவன் எண்டால் இன்னும் கறுப்பு, அப்ப கமரா ஐயோ இருட்டாக் கிடக்கெண்டு வெளிச்சத்தைக் கூட்டிப்போடும். தோல் சாம்பலாகும், கொம்பு உம்மட ரியூப் லைற்றாகும். நிழலுக்க ஒளிஞ்சு கிடக்கிறதை ரோ பைல்ல, அதாவது கமரா பதப்படுத்தாமல் வைக்கிற மூலப் பைல்ல, கொஞ்சம் தூக்கி எடுக்கலாம், எரிஞ்ச வெள்ளைக்குள்ள தூக்கிறதுக்கு ஒண்டுமே இருக்காது.

ஆனபடியால் யானை பெரிசா நிக்கேக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்ரொப்போ ஒரு ஸ்ரொப்போ (ஒரு ஸ்ரொப் எண்டால் வெளிச்சத்தில பாதி) குறைச்சு வையும், வைச்சுப்போட்டு ஹிஸ்ரோகிராமில, வெளிச்சத்தின்ர அளவைக் காட்டிற அந்த வரைபடத்தில, வலப்பக்கச் சுவரில முட்டுதோ எண்டு பாரும். அதே யானை தூரத்தில, குளத்துத் தண்ணி பளபளக்க அதுக்கு முன்னால சின்னனா நிண்டால் கதை தலைகீழ், அங்க கமரா தானாக் குறைச்சு யானையை நிழல் பொம்மை ஆக்கிப்போடும், நீர் கூட்ட வேணும். இந்த ரெண்டையும் கை தானாச் செய்யிற அளவுக்குப் பழகாமல் அங்க போனால் கொம்பன் வாற அந்த அஞ்சு நிமிசத்தில பதட்டத்தில எல்லாம் மறந்துபோகும். எனக்கும் அப்பிடித்தான். சண்டையால மூடிக் கிடந்த ஏ9 பாதை 2002இல திறந்தாப்பிறகு முதல் முதலா மின்னேரியாவுக்குப் போனன், பிலிம் காலம், ஒரு றோலில 36 படம், கழுவிப் பாத்தால் கொம்பு வாற படம் எல்லாத்திலயும் யானையின்ர வாயில ரெண்டு வெள்ளைக் கடதாசியைச் சுருட்டிச் செருகின மாதிரிக் கிடந்துது. வீட்டில இண்டைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவை.

இன்னொரு விசயம், கொம்பு வெள்ளை இல்லை. கிட்டப் பாத்தால் பழைய ஆர்மோனியக் கட்டையின்ர மஞ்சள், அடியில மண்ணும் மரச்சாறும் பிடிச்ச கபிலம், நீளத்துக்குச் சின்னச் சின்ன வெடிப்பு, நுனி தேஞ்சு மினுங்கும். ரெண்டு கொம்பும் ஒரே அளவில இருக்கிறதும் குறைவு, எங்களுக்குச் சோத்துக்கை பீச்சங்கை மாதிரி யானையும் ஒரு பக்கத்தைத்தான் கூடப் பாவிக்கும், அந்தப் பக்கம் கட்டையாத் தேஞ்சிருக்கும். அந்த வெடிப்பும் அந்தத் தேய்மானமும் படத்தில வந்தால்தான் அது அந்த யானையின்ர முகம். உச்சி வெய்யில்ல அது வரவே வராது, விடிய வெள்ளன இல்லாட்டிப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு.

துதிக்கைக்கும் பொறுமை வேணும். நீர் எடுத்து அனுப்பின மூண்டு படத்திலயும் துதிக்கை ஒரு கொம்புக்குக் குறுக்க கிடக்கு, ஒண்டரைக் கொம்பன் மாதிரி. அவன் புல்லை உருவி, காலில தட்டி மண் உதறி, வாய்க்குள்ள வைக்கிற ஒரு சுற்று இருக்கு, அதை நாலு தரம் கமராவைத் தொடாமல் சும்மா பாத்துக்கொண்டிரும், அஞ்சாவது தரம் எந்த இடத்தில துதிக்கை விலகுமெண்டு உமக்கே தெரியும். 400 படம் எடுக்கத் தேவையில்லை. ஜீப் யன்னலில லென்ஸை வைக்க ஒரு சீலைப் பையில ரெண்டு கிலோ அரிசியைப் போட்டுத் தைச்சுக் கொண்டுபோம், கடையில விக்கிற பையை விட நல்லா நிக்கும், வந்தாப்பிறகு சோறும் காச்சலாம். ஷட்டர் வேகம் நடக்கிற யானைக்கு ஐந்நூறில ஒரு செக்கன், புழுதி அள்ளி வீசினால் ஆயிரத்தில ஒண்டு.

கேள்வி: நிக் பிராண்ட் எண்ட படப்பிடிப்பாளர் ஆபிரிக்காவில தூர லென்ஸ் இல்லாமல் யானையளுக்குக் கிட்டப் போய் எடுத்தவராமே, அந்தப் படங்களில இருக்கிற ஒரு கம்பீரம் எங்கட ஆக்கள் எடுக்கிறதில வாறேல்ல. நாங்களும் கிட்டப் போய்ப் பாக்கலாமோ? (ஆசிரியை, நல்லூர்)

பதில்: ரீச்சர், அவர் தூர லென்ஸைத் தவிர்த்தது உண்மை, நடுத்தர அளவுப் பிலிம் கமராவில, பென்ராக்ஸ் 67இல எடுத்தவர். மனிசரை உக்கார வைச்சு எடுக்கிற மாதிரி மிருகத்தை எடுக்க வேணும், சுத்தி இருக்கிற நிலமும் வானமும் சேர வேணும் எண்டதுதான் அவற்ற எண்ணம். ஆனால் அவர் எடுத்த இடம் கென்யாவின்ர அம்போசெலி, வெட்டவெளி, அங்கத்தைய யானையள் பத்து இருபது வருசமா வாகனங்களோட பழகினதுகள், அவரும் ஒரு படத்துக்குக் கிழமைக்கணக்காக் காத்திருந்தவர். நாங்கள் சனி ஞாயிறில ரெண்டு நேர ஜீப்புக்குக் காசு கட்டிப்போட்டு அதே படம் வேணுமெண்டு சாரதியை "கிட்ட விடு, கிட்ட விடு" எண்டு ஆக்கினைப்படுத்திறம். அந்தாளும் ரிப்ஸுக்காக விடும்.

கிட்டப் போகாமல் அந்தக் கம்பீரம் வராதெண்டில்லை. பாதிக் கம்பீரம் கமராவின்ர உயரத்தில இருக்கு. ஜீப்புக்கு மேல எழும்பி நிண்டு எடுத்தால் யானை எங்களுக்குக் கீழ நிக்கும், கன்டுக்குட்டி மாதிரித்தான் தெரியும். இருந்து, யன்னல் விளிம்பில வைச்சு, ஏலுமெண்டால் வாகனம் பள்ளத்திலயும் யானை மேட்டிலயும் நிக்கிற மாதிரிப் பாத்தால் அதே யானை கோயில் கோபுரம் மாதிரி எழும்பும். வில் பரார்ட் லூக்காஸ் எண்ட இங்கிலாந்துக்காரர் 2017இல கென்யாவின்ர சாவோவில ஒரு பெண் யானையை எடுத்தவர், எஃப் எம் யூ 1 எண்டு ஆராய்ச்சிக்காரர் வைச்ச பேர், கொம்பு நிலத்தைத் தொடுற நீளம். அவர் ரிமோற்றில ஓடுற சின்ன வண்டியில கமராவைப் பூட்டி நிலத்தோட நிலமா விட்டு எடுக்கிறதில பேர்போனவர். எங்கட பார்க்குகளில அதெல்லாம் அனுமதி இல்லாமல் ஏலாது, ட்ரோனும் ஏலாது, ஆசைப்பட்டு மாட்டுப்படாதேங்கோ.

கிட்டப் போறதைப் பற்றி இன்னும் ஒண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில, கன்னப்பொட்டில, தார் வடிஞ்ச மாதிரி ஈரக்கோடு தெரிஞ்சால் அது மதநீர். பின்னங்கால் உள்பக்கம் மூத்திரம் சொட்டி ஈரமா இருந்தாலும் அதுதான். அந்த நேரம் ஆண் யானைக்கு ஒருத்தரும் கணக்கில்லை, ஜீப் எண்டும் பாக்காது. மதம் இல்லாதவனும் மேயிறதை விட்டிட்டுக் காதை விரிச்சு நேர உங்களைப் பாத்தாலோ, ஒரு முன்னங்காலைத் தூக்கி முன்னையும் பின்னையும் ஆட்டிக்கொண்டு யோசிச்சாலோ, நீங்கள் ஏற்கனவே கூடக் கிட்டப் போட்டியள் எண்டு அர்த்தம். அந்தப் படம் பாக்க நல்லாத்தான் வரும், காது விரிச்சு, கொம்பு முன்னுக்கு, போட்டியில பரிசும் குடுப்பாங்கள். எனக்கு அந்த மாதிரிப் படங்களைக் கண்டால் யானை "போ" எண்டு கத்திறதுதான் கேக்குது, மேய்ஞ்சுகொண்டு தன்ர பாட்டில நிக்கிறவன்ர படத்துக்குத்தான் நான் மார்க் போடுவன்.

கேள்வி: கறுப்பு வெள்ளையோ கலரோ? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: தோல்ச் சுருக்கமும் கொம்பின்ர வெடிப்பும்தான் விசயமெண்டால் கறுப்பு வெள்ளை. குளத்துப் பச்சைப்புல்லில பின்னேர வெய்யில் விழுந்து கொம்பு தேன் நிறமா மாறினால் கலர். கலர் படம் சரிவரேல்ல எண்டதுக்காகக் கறுப்பு வெள்ளை ஆக்கிறதை மட்டும் விடுங்கோ, சரிவராதது ரெண்டிலயும் சரிவராதது.

கேள்வி: ஆபிரிக்க யானைப் படங்களில ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு கிடக்கு, இந்திய ஆண் யானையளிலயும் கனக்கக் கொம்பன். எங்கட நாட்டில மட்டும் ஏன் தேடித் திரிய வேண்டிக் கிடக்கு? லண்டனில இருக்கிற மருமகன் கேட்டவன், எனக்குப் பதில் தெரியேல்ல. (ஓய்வுபெற்ற தபாலதிபர், சாவகச்சேரி)

பதில்: ஐயா, நீங்கள் இருக்கிற இடத்திலேருந்து ஆனையிறவு கூப்பிடு தூரம், மருமகனுக்கு அங்கயிருந்தே கதையைத் தொடங்கலாம். வன்னிக் காட்டில பிடிச்ச யானையளை ஏரிக்குள்ளால இறக்கி யாழ்ப்பாணத்துக்கு நடத்திக்கொண்டு வந்த வழி எண்டதால வந்த பேர் அது. வந்ததுகள் இங்க ஏலத்தில போய், ஊர்காவற்றுறையில கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போச்சுதுகள். போர்த்துக்கீசர் அந்தத் துறைக்கு யானைத்துறை எண்டே தங்கட பாசையில பேர் வைச்சவை, அதின்ர முதல் துண்டுதான் திரிஞ்சு கைற்ஸ் ஆனது. பிறகு ஒல்லாந்தரும் அதே வியாபாரம். இப்ப சொல்லுங்கோ, வாங்க வாற அரசனுக்கும் வியாபாரிக்கும் என்ன யானை வேணும், கொம்பன் வேணும், விலையும் அவனுக்குத்தான். நூற்றுக்கணக்கான வருசம் காட்டிலேருந்து கொம்பனாப் பாத்து எடுத்துக்கொண்டே இருந்தால் மிஞ்சி நிண்டு குட்டி போடுறது ஆர், கொம்பில்லாத அலியன்.

வெள்ளைக்காரர் வந்தாப்பிறகு பிடிக்கிறது குறைஞ்சு சுடுறது கூடிச்சுது. மேஜர் றொஜர்ஸ் எண்ட ஒராள் தனிய 1400 யானைக்கு மேல சுட்டவர் எண்டு சொல்லுவினம், 1845இல அப்புத்தளைப் பக்கம் இடி விழுந்து செத்தவர், நுவரெலியாவில கல்லறை இருக்கு. யானையின்ர சாபம் எண்டு அங்கத்தைய சனம் இப்பவும் கதைக்குது.

இண்டைக்கு இலங்கையில ஆண் யானை நூறு நிண்டால் கொம்பன் ஆறோ ஏழோதான். 2011இல நாடு முழுக்க எண்ணேக்க மொத்தம் 5879 யானை எண்டு கணக்கு வந்தது, அதில பெண்ணையும் குட்டியளையும் கழிச்சுப்போட்டு நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ. எங்கட பெண் யானைக்கு வெளிய வாற கொம்பு இல்லை, சிலதுக்கு வாய் ஓரத்தில சின்னதா ஒரு துண்டு தெரியும். தீவில தனிய அடைபட்டு வளந்த கூட்டம் எண்டபடியால் பழைய காலத்திலயே கொம்பன் கொஞ்சம் குறைவா இருந்திருக்கலாம், எல்லாப் பழியையும் பறங்கியர்ர தலையில போட ஏலாது. ஆனால் மனிசன் கொம்பைப் பாத்து எடுத்தால் கூட்டமே மாறும் எண்டதுக்கு மொசாம்பிக்கின்ர கொறொங்கோசாவில கண்ணுக்கு முன்னால சாட்சி இருக்கு, 1977இலேருந்து 1992 வரைக்கும் அங்க உள்நாட்டுச் சண்டை, யானையைச் சுட்டுக் கொம்பை வித்து ஆயுதம் வாங்கினவை. சண்டைக்கு முன்னம் கொம்பில்லாத பெண் யானை நூறுக்கு 18.5, பிறகு 50.9. 2021இல வந்த ஆராய்ச்சி. அங்க கதை பெண் யானையளின்ர பரம்பரை அலகில, இங்க ஆண் யானையில, ரெண்டும் ஒண்டெண்டு மருமகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.

கொம்பன் எண்டால் கண்டியில பெரஹரா ஊர்வலத்தில புத்தற்ற தந்தப் பேழை சுமந்த ராஜா எண்ட யானையையும் சொல்ல வேணும். அவன் எங்கட ஆள், மட்டக்களப்பு ஏறாவூர்க் காட்டில பிடிபட்டவன். 1988இல செத்தாப்பிறகு பாடம் பண்ணித் தலதா மாளிகையில வைச்சிருக்கினம். கொம்பு எப்பிடி வளைஞ்சு போகுது, எந்தப் பக்கத்தில நிண்டால் ரெண்டும் பிரிஞ்சு தெரியும் எண்டு பழக விரும்பிற பிள்ளையள் கண்டிக்குப் போனால் அங்க ஒரு மணித்தியாலம் சுத்திச் சுத்தி நிண்டு பாருங்கோ, அவன் அசையமாட்டான், துதிக்கையும் மறைக்காது.

கேள்வி: நாங்கள் கனடாவிலேருந்து வந்து மானிப்பாயில பழைய வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறம். விறாந்தைச் சுவருக்கு ஒரு பெரிய கொம்பன் படம் மாட்ட ஆசை. பைன் ஆர்ட் பிறின்ற் எண்டு ஆயிரக்கணக்கில டொலர் சொல்லுறாங்கள், கலண்டர்ப் படத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம், ஏமாத்திறாங்களோ? (அக்கா ஒராள்)

பதில்: அக்கா, ஏமாத்தும் இருக்கு, உண்மையான வித்தியாசமும் இருக்கு. முதலாவது கடதாசி. நல்ல பிறின்ற் பஞ்சுக் கடதாசியில அடிக்கிறது, சதுர மீற்றருக்கு 300 கிராமுக்குக் கிட்ட நிறை, தொட்டால் கலியாணக் காட் மாதிரி இல்லை, தடிச்ச பருத்திச் சீலை மாதிரி. மை சாய மை இல்லை, பிக்மென்ற் மை, வெளிச்சத்தில கெதியா வெளிறாது. யானைத்தோல் மாதிரிச் சொரசொரப்பான விசயத்துக்கு மினுங்காத கடதாசிதான் பொருந்தும், மினுங்கல் கடதாசியில அடிச்சால் பின்னேரம் விறாந்தை லைற் போட யானை தெரியாது, பல்ப்தான் தெரியும்.

ரெண்டாவது எண்ணிக்கை. 25 பிறின்ற்தான் அடிப்பன் எண்டு சொன்னால் அதோட நிப்பாட்ட வேணும், ஒவ்வொண்டிலயும் பென்சிலால 7/25 எண்ட மாதிரி இலக்கமும் கையெழுத்தும் இருக்கும். அந்த நம்பிக்கைக்குத்தான் பாதிக் காசு. அவர் நாளைக்கு அதே படத்தைக் கொஞ்சம் வேற அளவில இன்னும் 50 அடிச்சு விக்கிற ஆளோ எண்டதைக் கேட்டு எழுத்தில வாங்குங்கோ, வெக்கப்படாதேங்கோ, காணி உறுதி எழுதேக்க எத்தினை கேள்வி கேக்கிறியள்.

அளவைப் பற்றியும் பயப்படுத்துவாங்கள், பெரிய கமராவில எடுத்தால்தான் பெரிசா அடிக்கலாமெண்டு. 24 மெகாபிக்சல் படம் 6000க்கு 4000 புள்ளி, அங்குலத்துக்கு 300 புள்ளி வைச்சால் 20 அங்குலம் அகலம். ஆனால் விறாந்தையில ஆறு ஏழு அடி தள்ளி நிண்டு பாக்கிற படத்துக்கு 150 காணும், அப்ப 40 அங்குலத்துக்குப் போகலாம். மூக்கை முட்டிக்கொண்டு பாக்கிறவைக்குத்தான் மற்றக் கணக்கு.

மூண்டாவது, உங்களுக்கு ஆரும் சொல்லாதது, மாரி. கனடாவில காஞ்ச காற்று, இங்க கார்த்திகை மழையில சுவர் ஊறும், உப்புக்காத்து வேற. என்ர முதல் பெரிய பிறின்ற்றை நல்ல கடதாசியில அடிச்சுப்போட்டுப் பிரேம் காசில மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கடையில சும்மா காட்போட் மட்டையில ஒட்டிக் கண்ணாடியோட நெருக்கிப் பூட்டிக் குடுத்திட்டினம், நானும் பேசாமல் கொண்டுவந்து மாட்டினன். ரெண்டு மாரி. கொம்பில கபிலப் பொட்டு வந்திட்டுது, முதல்ல அது இயற்கையா இருந்த கறை எண்டு நினைச்சன், பாத்தால் பூஞ்சணம், கடதாசி கண்ணாடியோட ஒட்டியும் போச்சு. இப்ப அது அரிசி வாளிக்குப் பின்னால கிடக்கு. ஆனபடியால் அமிலம் இல்லாத மட்டை வேணும், கண்ணாடிக்கும் கடதாசிக்கும் இடைவெளி வேணும், பிரேமுக்குப் பின்னால நாலு மூலையிலயும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலேருந்து தள்ளி நிக்க வைக்க வேணும், மழை அடிக்கிற வெளிச்சுவரில மாட்டவே கூடாது, வெய்யில் நேர விழுற இடமும் வேண்டாம். விறாந்தையை விட உள் அறைச் சுவர் நல்லது, அக்கா. விறாந்தைக்கு அந்தக் கலண்டரே போதும்.

கேள்வி: கொம்பு கொஞ்சம் கட்டையா இருக்குதெண்டு கொம்பியூட்டர்ல நீட்டி விட்டால் பிழையோ? ஏஐயில கேட்டால் நிலம் முட்ட வளத்துத் தருது. (பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்)

பதில்: பேர் வேண்டாமெண்டு நீங்களே போட்டிட்டியள், விடை அதிலயே கிடக்கு. வெளிச்சம் கூட்டலாம் குறைக்கலாம், கறுப்பு வெள்ளை ஆக்கலாம், லென்ஸில இருந்த தூசியை எடுக்கலாம். கொம்பை நீட்டினால் அது யானை இல்லை, உங்கட ஆசை. ஆபிரிக்காவில ஒரு கொம்பு 45 கிலோவுக்கு மேல இருக்கிறவனைச் சுப்பர் ரஸ்கர் எண்டு சொல்லுறவை, அப்பிடி ஒருத்தனைக் காண ஒவ்வொருத்தர் ஆயுசு முழுக்கத் திரியினம், நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் அஞ்சு பேரைச் செய்திட்டியள், என்னத்தைச் சொல்ல.

கேள்வி: கொம்பன் படத்தைப் போடேக்க எந்தக் குளம், எந்தப் பக்கம் எண்டு எழுதலாமோ? எழுதாட்டி நம்பிறாங்கள் இல்லை. (வாசகி, வவுனியா)

பதில்: எழுதாதேங்கோ பிள்ளை. மாவட்டத்தோட நிப்பாட்டுங்கோ, போனில எடுத்ததெண்டால் இடம் பதிவாகிறதை முதல்லயே நிப்பாட்டி வையுங்கோ, படத்துக்குள்ள அது ஒளிஞ்சிருக்கும். கல்கமுவப் பக்கம் ரெண்டு கொம்பும் ஒண்டுக்கு மேல ஒண்டு பூட்டின மாதிரிக் கிடந்த ஒருத்தன் இருந்தவன், தள பூட்டுவா எண்டு சிங்களச் சனம் பேர் வைச்சது, நாட்டில அவனைத் தெரியாத படக்காரர் இல்லை. 2017 கடைசியில கொன்டுபோட்டாங்கள். கொம்புக்குள்ள கஜமுத்து இருக்கு, வைச்சிருந்தால் அதிர்ஷ்டம் எண்டு ஒரு விசர்க்கதை இங்க ஓடுது, அதுக்கும் கொம்பன் சாகிறான்.

நிக் பிராண்ட் 2007இல தண்ணி குடிக்கிற ஒரு பெரிய கொம்பனை எடுத்தவர், இகோர் எண்டு பேர், ஆளைக் கிட்ட விடுற அமைதியான யானை, உலகம் முழுக்கப் போன படம். 2009இல கள்ள வேட்டைக்காரர் அவனைக் கொன்டிட்டினம். அடுத்த வருசமே அவர் இன்னொராளோட சேந்து யானைக் காவலுக்கு ஒரு நிறுவனம் தொடங்கினவர். கென்யாவில அகமட் எண்ட கொம்பனுக்கு அந்த நாட்டு சனாதிபதி கென்யாட்டா தனிக் கட்டளை போட்டு ராப்பகலாக் காவல் குடுத்து 1974இல வயசுபோய்ச் செத்தவன், ஆனால் எல்லா யானைக்கும் சனாதிபதி காவல் போடுவாரோ? எங்கட நாட்டில கொழும்புத் துறைமுகத்தில பிடிபட்ட 359 கொம்பை 2016இல காலிமுகத்திடலில வைச்சு நொருக்கினவை, எல்லாம் ஆபிரிக்கக் கொம்பு, ஒண்டரைத் தொன். நாங்கள் வாயைப் பிளந்து பாத்துக்கொண்டிருந்தம், ஒரு சோடிக்கு ஒரு யானை எண்டு மனம் தன்பாட்டில பிரிச்சுப் பாத்துது.

வேட்டைக்காரன் மட்டும் இல்லை, எங்கட ஆக்களாலயும் கரைச்சல்தான். இந்த இடத்தில நிக்கிறான் எண்டு ஒருத்தர் போட்டால் அடுத்த சனிக்கிழமை இருபது ஜீப் வளைச்சு நிக்கும், அவன் தண்ணிக்குப் போக வழி இல்லாமல் முழிப்பான். நம்பாதவை நம்பாமல் இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, உங்கட பக்கத்தை மகள் வாசிச்சுக் காட்டினவள். நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் கமம் செய்யிற ஆக்கள். உங்களுக்கு யானை சுவரில மாட்டிற படம், எங்களுக்கு அது ராத்திரியில வாற யமன். போன போகத்தில ரெண்டு ஏக்கர் வயலை உழக்கிப்போட்டுது, பன்ரெண்டு தென்னம்பிள்ளை விழுந்துது, ஒருக்காக் கூட ஒரு படக்காரரும் வந்து எட்டிப் பாக்கேல்ல. இதைப் போடுவியளோ தெரியாது. (கமக்காரர்)

பதில்: போட்டிருக்கிறன், ஐயா. உங்கட கடிதத்தை நாலு தரம் வாசிச்சன், முதல் ரெண்டு தரமும் ஏதாவது சாட்டுச் சொல்லலாமோ எண்டுதான் யோசிச்சன். யானையின்ர வழியில குடியேற்றம் வந்திட்டுது, காட்டை வெட்டிப்போட்டினம், எல்லாம் உண்மைதான், ஆனால் அதை யாழ்ப்பாணத்தில ஃபான் போட்டுக்கொண்டு இருந்து நான் உங்களுக்குச் சொல்லேலாது. குடாநாட்டில யானை இல்லை. எங்களுக்கு அது நிக்கிறதால ஒரு நட்டமும் இல்லை, நாங்கள் ரிக்கற் எடுத்துப் போய்ப் பாத்துப்போட்டு இருட்ட முன்னம் திரும்பி வாற ஆக்கள். நீங்கள் யானை வெடியும் ரோச் லைற்றும் கையில வைச்சுக்கொண்டு குடிலுக்க விடிய விடிய முழிச்சிருக்கிறியள்.

நாங்கள் அழகெண்டு சுவரில மாட்டிற படங்களில வயல் வேலி வராது, மின்சாரக் கம்பி வராது, வெட்டிப்போட்டுத்தான் எடுக்கிறம், நானும் அப்பிடித்தான் செய்தனான். போன இதழ்ல போட்ட அந்தக் கலாவெவப் படத்திலயும் இடப்பக்கம் ஒரு வேலித்தூண் இருந்தது, வெட்டினனான். கொம்பன்ர படம் எண்டு தேடிப் போற எங்களில ஒருத்தரும் பன்றிக்கெண்டு பூசணிக்காயுக்குள்ள வைச்ச வெடியைக் கடிச்சு வாய் கிழிஞ்சு, தின்ன ஏலாமல் நாள்க்கணக்கா நிண்டு சாகிற குட்டியைப் படம் எடுக்கப் போறேல்ல, அதின்ர ஒரு பக்கத்தில நிக்கிற உங்களையும் எடுக்கேல்ல.

இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில போட என்னட்டை ஒரு படமும் இல்லை, தேடிப் பாத்தன், இருபது வருசத்து யானைப் படங்களில ஒரு தென்னம்பிள்ளை கூட இல்லை. உங்கட மகளின்ர நம்பரை இதழ் ஆக்களிட்டை வாங்கியிருக்கிறன். மாங்குளத்தால திரும்பி வாறன், வாற கிழமை, மோட்டச்சைக்கிள்லதான். விழுந்த தென்னையளை அப்புறப்படுத்தாட்டி அப்பிடியே விடுங்கோ, காலடி கிடந்தால் அதுக்கு மேல ஒரு ஓலையைப் போட்டு மூடி வையுங்கோ, மழை பெய்தால் போயிரும். ராத்திரி குடிலில இருக்க எனக்கும் ஒரு இடம் வேணும். அரிசிப் பை கொண்டுவருவன்.